எண் பொருந்தினால் போதுமா? பழைய ராணுவப் பிஸ்டல்களில் அசல் பாகத்தைக் கண்டுபிடிப்பது

முதல் தடவை என்னை ஏமாற்றியது ஒரு 47. அருங்காட்சியகத்தின் ஆயுத அறையில் வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. மேசை மேல் ஒரு ஜெர்மன் லூகர் இருந்தது, பி 08 ரகம். குண்டறையின் மேல் 1916 என்று ஆண்டு. டாகிள் என்று சொல்கிற மடங்கு மூட்டின் மேல் டிடபிள்யூஎம் கம்பெனியின் பின்னல் எழுத்து. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 47. டிரிகரில் 47, கழற்றும் நெம்பில் 47, பக்கத் தகட்டில் 47. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டிக் அடித்து, "எண்கள் முழுதும் பொருந்துகின்றன" என்று அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அறையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் அட்டையைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்டலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். "தம்பி, இங்கே வா. மற்ற 7 எல்லாம் கால் வளைந்து நிற்கிறது. இந்தத் தகட்டில் இருக்கிற 7 மட்டும் ஏன் விறைப்பாக நிற்கிறது?"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். 4இன் குறுக்குக் கோடும் மற்ற 4களைவிட நீளம். எண்ணைச் சுற்றி இரும்பு ஒரு முடி அளவு பள்ளமாக இருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்துக்குள் இன்னொரு எண்ணின் நிழல் தெரிந்தது. யாரோ பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு 47 அடித்திருக்கிறார்கள்.

தகடு போலி இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அதுவும் முதல் உலகப் போர்க்காலத்து லூகர் தகடுதான். அந்த எண்தான் பொய். இந்த வேறுபாடு மண்டையில் ஏற எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லை விற்பவர் ஓர் அர்த்தத்தில் சொல்கிறார், வாங்குபவர் வேறோர் அர்த்தத்தில் கேட்கிறார். பாகம் எதுவாக இருந்தாலும் நான் நாலில் ஒன்றாகத்தான் எழுதிவைப்பேன். தொழிற்சாலையிலிருந்து அந்தப் பிஸ்டலோடு பிறந்தது ஒன்று. ராணுவம் தன் பட்டறையில் மாற்றிப் போட்டது ஒன்று. காலத்தால் சரி, ஆனால் பிற்பாடு யாரோ வேறு பிஸ்டலிலிருந்து கழற்றி மாட்டியது ஒன்று. கடைசியாக, பின்னாளில் செய்த நகல். நாலுக்கும் சந்தையில் "ஒரிஜினல்" என்றுதான் பெயர், கடைசிக்குக்கூட.

சரி, தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம். குண்டுகள் அடுக்கியிருக்கும் மேகசினை எடுத்துவிட்டுக் குண்டறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். நூறு வயதுப் பொருள்தானே என்ற அலட்சியம் வேண்டாம். லூகரில் இது இரண்டு மடங்கு முக்கியம்: டிரிகரை இழுத்ததும் வெடிமுனையை விடுவிக்கிற தட்டுத்தண்டு அதில் சட்டகத்தில் இல்லாமல் மேல்பாகத்திலேயே இருக்கிறது. குண்டு உள்ளே இருந்தால், சட்டகத்திலிருந்து பிரித்த மேல்பாகம் தனியாகவே வெடிக்கும். வெடித்த கூட்டை வெளியே இழுக்கிற கொக்கியான இழுப்பானின் பக்கவாட்டில் "கெலாடன்" என்ற ஜெர்மன் சொல் வெளியே எட்டிப் பார்த்தால், குண்டு ஏற்றியிருக்கிறது என்று பொருள். அப்புறம் சட்டம். பல நாடுகளில் சட்டகம், குழல், ஸ்லைடு (சட்டகத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும் பாகம்) போன்றவை தனியாக இருந்தாலே ஆயுதம் என்றுதான் கணக்கு. உங்கள் நாட்டு விதியைப் பார்க்காமல் ஒரு பாகத்தையும் தபாலில் வரவழைக்காதீர்கள். வரிசை எண்ணைத் தேய்ப்பதும் மாற்றுவதும் பல இடங்களில் குற்றம்.

முதலில் பிஸ்டலைப் படியுங்கள்

பாகத்தைக் கையில் எடுத்து "இது ஒரிஜினலா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இந்தப் பிஸ்டலுக்கு, இந்த ஆண்டுக்கு, இந்தத் தொழிற்சாலைக்கு இது சரியா?" என்றுதான் கேட்க வேண்டும். அதனால் பிஸ்டலின் சாதகத்தை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

லூகரையே எடுத்துக்கொள்வோம், எழுதப் படிக்க நல்ல பாடநூல் அது. ஜெர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் அதை ஏற்றன. முதல் போர் முடியும்வரை ராணுவத்துக்கான லூகர்கள் டிடபிள்யூஎம்மிலும் எர்ஃபர்ட் அரசுத் தொழிற்சாலையிலும் பிறந்தன. எர்ஃபர்ட் என்றால் டாகிள் மேல் கிரீடமும் ஊர்ப்பெயரும் இருக்கும். 1930இல் வேலை ஓபர்ன்டார்ஃபில் இருந்த மௌசருக்குப் போனது. ஆயுதம் தயாரிப்பதை வெளியே காட்டக்கூடாத காலம் என்பதால் மௌசர் தன் பெயரை அடிக்காமல் குறியீடு அடித்தது. எஸ்/42 என்ற குறியோடு குண்டறை மேல் கே என்ற எழுத்து இருந்தால் 1934, ஜி இருந்தால் 1935. 1936 முதல் ஆண்டையே முழுதாக அடித்தார்கள். 1939, 1940இல் வெறும் 42 என்ற குறி வருகிறது. 1941, 1942இல் பி, ஒய், எஃப் என்ற மூன்று சின்ன எழுத்து.

இவ்வளவும் எதற்கு? நிறத்துக்கு. பழைய லூகரில் டிரிகர், பாதுகாப்பு நெம்பு, கழற்றும் நெம்பு, மேகசின் விடுபொத்தான் போன்ற சின்னப் பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். பூச்சு ஏதும் இல்லை; இரும்பைச் சூடாக்கும்போது தானாக ஏறுகிற நிறம். 1937இல் மௌசர் உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து நீலமேற்றும் முறைக்கு மாறியபோது இந்த வைக்கோல் நிறம் போய்விட்டது. சின்னப் பாகங்களும் நீலம் ஆயின. ஆகவே 1941 குறியுள்ள பிஸ்டலில் வைக்கோல் நிற டிரிகர் பளபளத்தால், அழகாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள், யாரோ மாட்டியிருக்கிறார். 1936 பிஸ்டலில் டிரிகர் நீலமாக இருந்தாலும் அதே சந்தேகம்.

வைக்கோல் நிறம் மிக மெல்லியது. எண்பது, நூறு ஆண்டில் கட்டைவிரல் படுகிற இடமெல்லாம் அது தேய்ந்து சாம்பலாகியிருக்க வேண்டும். விரல் போகாத மூலையில் மட்டும் மங்கிய பழுப்பாக மிச்சம் இருக்கும். நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராகத் தங்கமாக மின்னினால், அல்லது ஓரத்தில் ஊதா எட்டிப் பார்த்தால், சமீபத்தில் யாரோ அடுப்பில் காட்டியிருக்கிறார்.

எண்கள்: கணக்கும் எழுத்தும்

லூகரின் சின்னப் பாகங்களில் ஏன் எண் அடித்தார்கள்? கையால் அரம் போட்டு ஒன்றுக்கொன்று பொருத்திய பாகங்கள் அவை. பொருத்திய பின் கடினப்படுத்தவும் நிறமேற்றவும் பிரித்து அனுப்புவார்கள். திரும்பி வரும்போது எது எந்தப் பிஸ்டலுடையது என்று தெரிய வேண்டும். அதற்காகக் கடைசி இரண்டு இலக்கம்.

இங்கேதான் ஒரு எளிய கணக்கு உதவும். இரண்டு இலக்கம் என்றால் 00 முதல் 99 வரை நூறு வாய்ப்பு. எங்கிருந்தோ எடுத்த ஒரு பக்கத் தகடு உங்கள் பிஸ்டலின் எண்ணோடு பொருந்த நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. நானூறு ஐந்நூறு உதிரிகளைப் பெட்டியில் வைத்திருக்கும் வியாபாரிக்கு உங்கள் 47ஐத் தேடி எடுப்பது ஒரு மதிய வேலை. தேய்க்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஆகவே எண் பொருந்துவது ஆரம்பம்தான். எழுத்தின் உருவம், நிறம், தேய்மானம், பரிசோதகர் முத்திரை ஆகிய நாலும் சேர்ந்து வந்தால்தான் நான் நம்புவேன்.

எழுத்தின் உருவத்தை எப்படிப் பார்ப்பது? பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும், சின்ன டார்ச் ஒன்றும் போதும். டார்ச்சை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. இரும்போடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து அடியுங்கள். நிழல் எழும். இப்போது ஒரே எண்ணை வெவ்வேறு பாகங்களில் ஒப்பிடுங்கள். உயரம் ஒன்றா, 4இன் குறுக்குக் கோடு எங்கே முடிகிறது, 7இன் கால் வளைவா நேரா, 6இன் வயிறு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். எல்லாப் பாகத்துக்கும் ஒரே அச்சுத்தான் என்று சொல்ல முடியாது, வெவ்வேறு ஆள் வெவ்வேறு நாளில் அடித்திருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதைத் திரும்பவும் பாருங்கள். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பில் விரல்நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தேய்த்த பள்ளத்தைக் கண்ணைவிட நகம் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

அச்சு அடிக்கும்போது இரும்பு இரு பக்கமும் கொஞ்சம் பிதுங்கும். பழைய பாகத்தில் அந்தப் பிதுக்கம் புழங்கித் தேய்ந்து மழுங்கியிருக்கும். விளிம்பு இன்னும் கூர்மையாக விரலில் தட்டினால், சுற்றிலும் உள்ள இரும்பு மட்டும் கிழடு தட்டியிருந்தால், எண் இளையது.

முதல் போருக்கு முன்னும் பின்னும் தனியாருக்கு விற்ற லூகர்களில் சின்னப் பாகங்களின் எண் வெளியே தெரியாது. அழகு கெடக்கூடாது என்று அடிப்பக்கத்திலும் விளிம்பிலும் மறைத்து அடித்திருப்பார்கள். ராணுவத்துக்கானதில் வெளியே, நன்றாகத் தெரிகிற மாதிரி. இது தெரியாமல், "எண்ணே இல்லை, நகல்" என்று ஒரு நல்ல தகட்டை ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானிய ராணுவத்தின் 14ஆம் ரக நம்பு பிஸ்டலில் பாகங்களில் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் வரும். மூன்று என்றால் தற்செயலாகப் பொருந்த ஆயிரத்தில் ஒன்று, கொஞ்சம் நிம்மதி. ஆண்டுதான் ஆளைக் குழப்பும். 18.6 என்று அடித்திருந்தால் 1918 என்று நினைத்துவிடக்கூடாது. அந்த ரகமே 1925இல் வந்ததுதான். அது ஷோவா மன்னர் ஆட்சியின் 18ஆம் ஆண்டு, 6ஆம் மாதம். ஷோவா எண்ணோடு 25 கூட்டுங்கள்: 43. ஆக, 1943 ஜூன். டிரிகர் காப்பு வளையத்தைக் கையுறையோடு விரல் நுழைகிற மாதிரி 1939 வாக்கில் பெரிதாக்கினார்கள். ஆகவே ஆண்டையும் வளையத்தையும் சேர்த்துப் பார்த்தால் சட்டகம் பேசும்.

எண்ணே இல்லாத பிஸ்டல்

அமெரிக்காவின் 1911 ரகத்துக்கு மேலே சொன்னது எதுவும் எடுபடாது. அது 1911 மார்ச் 29இல் ஏற்கப்பட்டபோதே, ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் வரிசை எண் பெரும்பாலும் சட்டகத்தில் மட்டும். "எல்லா எண்ணும் பொருந்தும் 1911" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் தேட வேண்டியவை மூன்று: தயாரித்தவர் குறி, பரிசோதகர் எழுத்து, பட்டறை முத்திரை. இரண்டாம் போரில் கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இதாக்கா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், சிங்கர் என ஐந்து பேர் செய்தார்கள். தையல் மெஷின் கம்பெனி சிங்கர் செய்தது 500 மட்டும், அதனால் சிங்கர் ஸ்லைடு என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். சட்டகத்தில் ஜிஎச்டி என்ற எழுத்து இருந்தால் கோல்ட். எஃப்ஜேஏ என்றால் ரெமிங்டன் ராண்ட், இதாக்கா. ஆர்சிடி என்றால் யூனியன் ஸ்விட்ச். ஜேகேசி என்றால் சிங்கர். ஸ்லைடு ஒரு கம்பெனி, சட்டகத்துப் பரிசோதகர் வேறு கம்பெனி என்றால் அந்த ஸ்லைடு அங்கே பிறந்ததில்லை.

குழலில் எச்எஸ் என்றிருந்தால் ஹை ஸ்டாண்டர்ட் செய்தது. எஃப் என்றால் ஃபிளானரி. இவர்கள் பிஸ்டல் கம்பெனிகளுக்குக் குழல் செய்து கொடுத்தவர்கள், அதனால் ரெமிங்டன் ராண்டில் எச்எஸ் குழல் இருப்பது தப்பே இல்லை. ஸ்லைடிலோ குழலிலோ ஏழு இலக்க எண் ஒன்று ஓடினால், அது வரிசை எண் இல்லை. ராணுவம் உதிரியாகச் செய்துவைத்த பாகத்தின் வரைபட எண். இதை வரிசை எண் என்று நினைத்து "எண் பொருந்தவில்லை" என்று அழுதவர்கள் நிறைய.

முதல் போர்ப் பிஸ்டலில் கைப்பிடியின் பின்பக்கம் மேடாக வளைந்திருந்தால், சாம்பல் பச்சை பார்க்கரைசிங் பூச்சு இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். 1920களின் நடுவில் ஏ1 என்ற மாற்றம் வந்தபோதுதான் அந்த வளைவும், குட்டை டிரிகரும், டிரிகருக்குப் பின்னால் விரலுக்கான சரிவும் வந்தன. சட்டகத்தில் அந்தச் சரிவு இல்லாமல் பின்பக்கம் மட்டும் வளைந்திருந்தால், பழைய சட்டகத்தில் புதுப் பாகம் என்று அர்த்தம். பட்டறை முத்திரையைத் தேடுங்கள். ஏஏ என்றால் ஆகஸ்டா, ஆர்ஐஏ என்றால் ராக் ஐலண்ட், எஸ்ஏ என்றால் ஸ்பிரிங்ஃபீல்ட். முத்திரை இருந்தால் அது ராணுவமே செய்த பழுது, என் கணக்கில் இரண்டாம் வகை. நான் அதை மதிக்கிறேன். சிலர் அதைக் கழற்றிவிட்டு 1917க்குப் பொருந்துகிற பாகங்களைத் தேடி மாட்டி "திருத்துகிறார்கள்". உண்மையாக நடந்ததை அழித்துவிட்டு, நடக்காத ஒன்றைக் கட்டுவதற்கு இவ்வளவு காசு!

சோவியத் பட்டறைகளில் புதுப்பித்த நாகன் ரிவால்வர், டோகரெவ் பிஸ்டல்களிலும் இதே கதை. சதுரத்துக்குள் ஒரு சாய்கோடு போட்ட முத்திரை இருந்தால் பட்டறை கண்டது. வேறு வேறு பாகங்களைச் சேர்த்து, பழைய எண்ணைக் கோடிட்டு அழித்துவிட்டு மின்பேனாவால் புது எண் கிறுக்கியிருப்பார்கள். எண் பொருந்தும், ஆனால் பிறவிப் பொருத்தம் இல்லை. ஏமாற்றும் இல்லை. ஜெர்மனியிடம் கைப்பற்றிய லூகர்களையும், லூகருக்குப் பின் வந்த ராணுவப் பிஸ்டலான பி 38களையும் இப்படித்தான் மொத்தமாகக் கரைசலில் முக்கினார்கள். வைக்கோல் நிறமெல்லாம் அந்தத் தொட்டியிலேயே கரைந்துபோனது.

பி 38இல் மூன்று தொழிற்சாலை. வால்தர் என்றால் ஏசி, மௌசர் என்றால் பிஒய்எஃப், 1945இல் எஸ்விடபிள்யூ. ஸ்பிரீவெர்க் என்றால் சிஒய்கியூ. ராணுவப் பரிசோதகரின் கழுகு முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள்: 359 வால்தர், 135 மௌசர், 88 ஸ்பிரீவெர்க். 88 உள்ள ஸ்லைடு ஏசி சட்டகத்தில் உட்கார்ந்திருந்தால் கேள்வி கேட்கலாம். 140 இருந்தால் பயப்பட வேண்டாம், பெல்ஜியத்தின் எஃப்என் தொழிற்சாலை இவர்களுக்குச் சட்டகமும் ஸ்லைடும் செய்து கொடுத்தது. ஸ்பிரீவெர்க்கில் ஒரு அச்சின் ஒய் எழுத்து வால் உடைந்துபோக, சிவிகியூ என்று படிக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. உடைந்த வால் இங்கே நல்ல சகுனம். அதேபோல் ஸ்பிரீவெர்க் ஸ்லைடில் கடைசல் கோடுகள் வயலில் ஏர் ஓட்டியதுபோல இருக்கும். போர் முடியப்போகிற நேரத்தில் மினுக்குவதற்கு யாருக்கும் பொழுதில்லை. முரட்டுத்தனமாக இருக்கிறது என்று அதை நகல் என்பதும், மொழுமொழுவென்று இருக்கிறது என்று இன்னொன்றைப் பாராட்டுவதும் தலைகீழ். மொழுமொழு ஸ்பிரீவெர்க்கைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

பிரிட்டிஷ் என்ஃபீல்ட் ரிவால்வரைப் பற்றி ஒரு வரி போதும்: 1938இல் வந்த நட்சத்திரக் குறி மாடலில் சுத்தியலின் பின்னால் கட்டைவிரல் வால் கிடையாது. வால் இருக்கிறதென்றால் யாரோ பின்னால் திருப்பிவைத்தது.

தேய்மானம் எல்லை தாண்டும்

என்னைக் கேட்டால் முத்திரையைவிட நம்பகமான சாட்சி இதுதான். பிஸ்டல் தோலுறைக்குள் போய்வந்து போய்வந்து, குழல் நுனி, ஓரங்கள், பக்கவாட்டு மேடு எல்லாம் வெளுக்கும். அந்த வெளுப்புக்கு எது சட்டகம், எது தகடு என்று தெரியாது. சட்டகத்தின் ஓரத்தில் ஆரம்பித்த வெள்ளைக் கோடு, இடைவெளியைத் தாண்டி அடுத்த பாகத்திலும் அதே சாய்வில் தொடர வேண்டும். எங்கள் 47 தகட்டிலும் இதுவே நடந்தது. சட்டகத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் போயிருந்தது, தகட்டின் எல்லையில் வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிட்டது. அதைத் தாண்டி மறுபடி சட்டகத்தில் ஆரம்பித்தது. எண்ணையே பார்க்காமல் இதை மட்டும் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

துருக் குழிகளும் அப்படித்தான். கைப்பிடித் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் இருக்கிற இரும்பில் பழைய நீலம் காற்றுப் படாமல் பத்திரமாக இருக்கும். வெளியே ஒரு நீலம், அடியில் வேறு நீலம் என்றால் பிஸ்டலுக்கு மறுநிறம் கொடுத்திருக்கிறார்கள். மறுநிறத்துக்கு முன்னால் பாலிஷ் சக்கரம் வைத்திருந்தால் திருகு ஓட்டையின் வாய் கிண்ணம்போல் குழிந்திருக்கும், எழுத்துகளின் ஒரு பக்கம் மட்டும் மங்கியிருக்கும், நேராக இருக்க வேண்டிய ஓரம் உருண்டிருக்கும். நீலத்தைப் புதிதாகக் கொடுத்துவிடலாம், போன இரும்பைக் கொடுக்க முடியாது.

கைப்பிடித் தகடும் மேகசினும்

அதிகம் மாறுவதும் அதிகம் போலியாவதும் இவை இரண்டுதான். கழற்ற ஒரு திருகுளி போதும் இல்லையா?

மரத் தகடு என்றால் உள்பக்கம் திருப்புங்கள். லூகரில் அங்கேயும் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருப்பார்கள். வெட்டுக்கோடுகளின் கூம்புகள் உள்ளங்கை அழுத்துகிற இடத்தில் தட்டையாகவும், ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கூராகவும் இருக்க வேண்டும். எல்லாக் கூம்பும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் எமரித் தாள் வேலை. எண்ணெயும் வியர்வையும் ஊறிய மரம் உள்பக்கமும் கறுத்திருக்கும். பழமையாகக் காட்டச் சாயம் தடவிய மரத்தில் திருகு ஓட்டையின் உள்சுவர் வெளுத்து, புது மரமாகச் சிரிக்கும்.

பேக்கலைட் என்கிற பழைய கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் மூக்குத்தான் கருவி. கட்டைவிரலால் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஃபீனால் வாடை வரும். ரெசின் நகலில் வராது. நான் ஒருமுறை படத்தை மட்டும் நம்பி, போர்க்காலத்துப் பி 38 தகடு ஒரு ஜோடியை அருங்காட்சியகத்துக்குப் பரிந்துரைத்தேன். நிறம் அருமை, கிடைமட்டக் கோடுகள் அருமை. பிரித்ததும் திருகு ஓட்டைக்குள் லென்ஸ் வைத்தேன், ஊசிமுனை அளவு இரண்டு காற்றுக்குமிழி. அச்சில் ரெசின் ஊற்றும்போது அடைபட்டவை. விற்றவரிடம் சொன்னபோது, "எனக்கு வந்ததும் அப்படித்தான் வந்தது" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

கறுப்பு பேக்கலைட் தகடு போட்ட 1941, 1942 லூகர்களுக்கு "பிளாக் விடோ" என்று ஒரு பெயர் உலவுகிறது. போருக்குப் பின் வியாபாரிகள் வைத்த பெயர் அது, ஜெர்மன் ராணுவத்துக்கு அப்படி ஒன்று தெரியாது. பெயர் வந்ததும் விலை ஏறியது, விலை ஏறியதும் நல்ல மரத் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கறுப்பு மாட்டினார்கள். அந்த ஆண்டுகளில் மரமும் சரிதான். மௌசர் சி96இல் சிவப்பு 9 செதுக்கிய தகடும் இதே நோயில் விழுந்தது. 1916இல் ஜெர்மனி 9 மி.மீ. குண்டு போடுகிற 1,50,000 பிஸ்டல் கேட்டபோது, 7.63 குண்டை இதில் தவறிப் போட்டுவிடக்கூடாது என்று செதுக்கியது அந்த 9. பிஸ்டல் வேறாக இருந்து தகடு மட்டும் 9 காட்டினால் குழல் விட்டத்தை அளந்து பாருங்கள்.

லூகர் மேகசினில் அடிக்கட்டையைப் பாருங்கள். முதல் போரில் மரம், 1930களில் அலுமினியம், போர்க்காலத்தில் கறுப்பு பிளாஸ்டிக். பழைய குழாய் தகட்டை மடித்துச் செய்தது, நிக்கல் பூசியது. பிற்காலத்தது முழுக்குழாய், நீலம். மர அடிக்கட்டையில் எண்ணோடு ஒரு கூட்டல் குறி இருந்தால் பதற வேண்டாம். அது உபரி மேகசின். கூட்டல் குறி உள்ளதும் இல்லாததும் ஒரே எண்ணில் கிடைத்தால் யாரிடமும் சத்தமாகச் சொல்லாமல் பூட்டி வையுங்கள். பி 38இலோ மேகசின் குறியும் பிஸ்டல் குறியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஜேவிடி குறியுள்ள மேகசினைத் தனித் தொழிற்சாலை செய்து கொடுத்தது.

ஸ்பிரிங்குகளைப் பற்றி நான் வாதாடுவதே இல்லை. முத்திரை கிடையாது, ராணுவமே அடிக்கடி மாற்றியது. விட்டுவிடுங்கள்.

படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு

பிளாஷ் போட்டு எடுத்த படம் இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பக்கவாட்டு வெளிச்சத்தில், எண் மட்டும் திரை நிறைய வருகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். தகட்டின் உள்பக்கம், திருகு ஓட்டை, மேகசின் அடி இவையும் வேண்டும். "ஒரிஜினலா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "எந்தப் பிஸ்டலிலிருந்து கழற்றியது, அதன் குறியும் ஆண்டும் என்ன?" என்று கேளுங்கள். நல்ல வியாபாரி "தெரியாது, பெட்டியில் இருந்தது" என்று சொல்லிவிடுவார். அவரிடம் வாங்கலாம். தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தார் என்று கதை ஆரம்பித்தால், கதையைக் கேட்டுக்கொண்டே லென்ஸை எடுங்கள்.

வாங்கி மாட்டுவதானால் கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உறையில் போட்டு, எந்தத் தேதியில் எதிலிருந்து எடுத்தது என்று எழுதி, பிஸ்டலோடு வையுங்கள். புதிதாக மாட்டியதில் எண் அடிக்கவே அடிக்காதீர்கள், எண் இல்லாத இடம் எண் இல்லாமலே இருக்கட்டும்.

அந்த லூகர் இப்போதும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. தகட்டை மாற்றலாமா என்று ஒருமுறை பெரியவரிடம் கேட்டேன். "எதற்குத் தம்பி? இன்னொரு பிஸ்டலைப் பிரிக்கவா?" என்றார். என் பழைய அட்டையை நானே அடித்துவிட்டுக் கீழே இப்படி எழுதினேன்: "பக்கத் தகடு: காலத்துக்கு உரியது, இந்தப் பிஸ்டலுடையது அல்ல. 47 பின்னர் அடிக்கப்பட்டது. அடியில் தெரியும் பழைய எண்ணின் முதல் இலக்கம் 3 அல்லது 8."